முராது எட்டாதவள்

இஸ்தான்புல்லில் உஸ்குதார் பக்கம் உள்ள கராஜாஅஹ்மத் மையவாடியில் (முஸ்லிம்களின் அடக்கத்தலம்) இரண்டு கோடைக்காலம் வேலை பார்த்தேன். பழைய உஸ்மானியா (ஒட்டோமான்) காலத்து மீசான் கற்களை, அதாவது கப்ருகளின் தலைமாட்டுக் கற்களை, படம் பிடித்து, அளந்து, படிவத்தில் ஏற்றுகிற வேலை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதால் அரபு எழுத்து எனக்குக் கைவசம். ஆனால் கல்லில் இருப்பது துருக்கி மொழி. 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டதால் ஊர்க்காரர்களில் பலருக்கு அந்தக் கல்லைப் படிக்க வராது. எனக்கோ படிக்க வரும், பொருள் தெரியாது.

ஆண்களின் கல் தூரத்திலேயே தெரிந்துவிடும். உச்சியில் தலைப்பாகை இருக்கும். 1829க்குப் பிந்திய உத்தியோகஸ்தர் என்றால் துருக்கித் தொப்பி. பெண்களின் கல்லில் ரோஜா, பூச்செண்டு. 'அலங்காரம்' என்ற கட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் 'பூ வேலைப்பாடு' என்று எழுதிக்கொண்டே போனேன்.

ஒரு சாயங்காலம், பாசி படிந்த சிறிய கல் ஒன்று. உடன் வேலை பார்த்த மூத்த பெண்மணி (அப்லா என்று கூப்பிடுவேன், அக்காவை நாங்கள் லாத்தா என்போமே, அதுபோல) டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். அப்படிப் பிடித்தால்தான் தேய்ந்த எழுத்துக்கும் நிழல் விழும். "காம்பைப் பார்" என்றார். ஒரே ஒரு மொட்டு. காம்பு பாதியில் ஒடிந்து, மொட்டு தலைகீழாகத் தொங்கியது. கலியாணத்துக்கு முன்னால், இளம் வயதில் போய்விட்ட பெண்ணுக்கு வைக்கிற அடையாளம் அது.

முதல் வரி 'ஹுவல் பாக்கீ': நிலைத்திருப்பவன் அவன் ஒருவனே. அடுத்து இன்னாருடைய மகள் என்று வந்தது. வாப்பாவின் பதவிக்கே ஒரு வரி முழுசாகப் போயிருந்தது. அப்புறம் எழுத்துக் கூட்டிக்கொண்டே போனவன் ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். 'நாமுராது'. இதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எம் புள்ளையோட முராதையெல்லாம் ஹாசிலாக்கு ரப்பே" என்று உம்மா கையேந்திக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். முராது, அதாவது மனசில் வைத்த ஆசை, எட்டாமலே போனவள் என்று எழுதியிருந்தது.

கடைசி வரியின் எழுத்துகளை அப்லா விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; அலிஃபுக்கு 1, பேக்கு 2, காஃபுக்கு 20 என்று போகிற கணக்கு. கூட்டினால் இறந்த ஹிஜ்ரி வருடம் வர வேண்டும். மூன்று குறைந்தது. முந்தின வரியில் 'மூவர் வந்தார்கள்' என்று இருந்தது. அந்த மூன்றைச் சேர்த்ததும் 1265. நம் கணக்கில் 1848-49. மகளை அடக்கிவிட்டு வந்த வீடு, கவிஞரிடம் சொல்லி, எழுத்துக்கு எழுத்து எண் பார்த்து வரி கட்ட வைத்திருக்கிறது. சிற்பி காம்பை எந்த இடத்தில் ஒடிக்க வேண்டும் என்று பார்த்துச் செதுக்கியிருக்கிறார். அத்தனையையும் நான் இரண்டே சொல்லில் முடித்திருந்தேன். மனசு கேட்கவில்லை.

அன்று இரவே பழைய படங்களைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். பெரிதாக்கிப் பார்த்தபோது இன்னும் பதினொரு கற்களில் காம்பு ஒடிந்திருந்தது. பதினொரு படிவத்தையும் திருத்தினேன்.

அந்தக் கல்லும் கடைசியில் மற்றக் கற்களைப் போல ஒன்றைத்தான் கேட்டது: இவள் ரூஹுக்கு (ஆன்மாவுக்கு) ஒரு ஃபாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்). அதுவரை நேரமாகிறதே என்று அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதற்குப் பிறகு, ஓதி முடித்துவிட்டுத்தான் ஸ்டாண்டிலிருந்து கேமராவைக் கழற்றுவேன்.