திரைக்கு முன்னால் ஒலித்த பெயர்

அம்மாவின் கடைசி விருப்பத்தை நிறைவேற்றவே இந்த ஆடியில் இலங்கையின் தெற்கிலுள்ள கதிர்காமம் முருகன் கோயிலுக்குச் சென்றேன். "நான் இல்லாட்டியும் ஆடிவேலுக்குப் போய் அக்காவைப் பார்த்துக்கொண்டு வா" என்று கேட்டிருந்தார். அந்த அக்கா மாத்தறைப் பக்கத்துச் சிங்களத் தாய்.

2009 மே மாதம் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் தம்பியைத் தொலைத்துவிட்டு, செட்டிகுளம் முகாமின் கூடாரத்துக்குள் இருந்தபடி அம்மா கற்பூரச் சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். தம்பி வரவில்லை, ஆனாலும் கந்தனுக்குக் கொடுத்த சொல் மாறக்கூடாதென்று மூன்று ஆண்டுகளின் பின் என்னையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். மாணிக்க கங்கையில் முழுகி எழுந்தவர் படியில் மயங்கிச் சரிந்தபோது, தாங்கி மடியில் கிடத்தித் தலை துவட்டியவர் அந்தத் தாய்தான். எந்த ஊர் என்று கேட்டார். முல்லைத்தீவு என்றேன். துவட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. 1996 ஜூலை 18 அன்று தாக்கப்பட்ட முல்லைத்தீவு இராணுவ முகாமில் அவருடைய ஒரே மகன் சிப்பாயாக இருந்திருக்கிறான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்ட அந்தச் சமரின் பின் அவனைப் பற்றி எந்தத் தகவலும் வீடு வந்து சேரவில்லை. சிங்களத்தை இராணுவத்தின் மொழியாக மட்டுமே கேட்டுப் பழகியிருந்த அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொன்னதும், அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் ஆடிதோறும் அதே படியில் சந்தித்தார்கள். அவர் அம்மாவை 'நங்கி', அதாவது தங்கை என்பார். அம்மா கொண்டுபோகும் முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் திருநீற்றை, கண்ணகிக்குச் சிங்களவர் வழங்கும் பெயரால் 'பத்தினி தெய்யோ' என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இம்முறை சனத்திரள் அதிகம். பழத்தட்டைக் கையில் திணித்துவிட்டு விலையைப் பிறகு சொல்லும் வியாபாரிகளும், முதியவர்களென்றும் பாராமல் வரிசையில் இடித்துத் தள்ளுபவர்களும் மனத்தை நோகச் செய்தார்கள். தளர்ந்துபோன அந்தத் தாயை என் இரு கைகளாலும் அணைத்தபடியே சந்நிதியை மறைக்கும் திரைக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

பூசகரான கப்புறாளை தட்டை வாங்கியபோது அவர் தன் மகனின் பெயரைச் சொன்னார். அடுத்து, என் தம்பியின் பெயரைச் சொன்னார். அவன் பதிவுப் பெயர் அவருக்குத் தெரியாது. அம்மா அழுதழுது சொன்ன செல்லப் பெயர்தான் தெரியும். அம்மா கண்மூடிய பிறகு எவருடைய வாயிலிருந்தும் நான் கேட்டிராத அந்தப் பெயர், ஓர் எழுத்தும் பிசகாமல் கந்தன் சந்நிதியில் ஒலித்தது. முருகா, திரைக்குப் பின்னால் இருக்கும் உன்னைக் காணாமலே கும்பிடுகிறவர்கள் நாங்கள். என் தம்பியின் பெயரைச் சொல்ல ஒரு தாயை எனக்கு விட்டுவைத்தாயே, இதற்கு நான் எத்தனை சட்டி எடுத்தாலும் தகுமா? அரோகரா என்று சொல்லவும் முடியாமல் நின்றேன். அவர்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

மகன் நின்ற மண்ணை அவர் இதுவரை கண்டதில்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக்கு வருவதாக அங்கேயே நேர்ந்துகொண்டார். அம்மாவின் அறையை அவருக்காக ஒழுங்குசெய்து வைத்திருக்கிறேன்.