பாசிக்குடாவில் பாசியல்லாத ஒரு புல்

ஆனி மாதத்து விடியற்காலையில் மட்டக்களப்பு நகரிலிருந்து வாழைச்சேனை வழியாக, ஏறத்தாழ 35 கிலோமீற்றர் வடக்கே உள்ள பாசிக்குடாவுக்கு நான் சென்றது குளிப்பதற்காக அன்று. கரையில் ஒதுங்கும் பச்சை நாடாக்களைப் பார்ப்பதற்காக. சிறு வயதில் அவற்றைப் பாசி என்றே அழைத்தோம்; குடாவின் பெயரும் அதற்கு இடங்கொடுத்தது. அவை பாசியல்ல என்பதை எனக்கு உணர்த்தியது, சென்ற ஆண்டு அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தபோது கலிபோர்னியாவின் மொன்டரேக் கரையில் கண்ட வேறொரு கடற்புல்.

அங்கே கடல் குளிர்ந்தது. கால் வைத்த இடமெல்லாம் பாறை. நீர் வற்றிய வேளையில் மரகத நிறத்து மெல்லிய நீண்ட இலைகள், வாரிவிட்ட ஈரக் கூந்தலைப் போலப் பாறைகளின் மேல் படிந்து கிடந்தன. பில்லோஸ்பாடிக்ஸ் என்னும் அந்தப் பேரினத்தில் 5 இனங்களே உள்ளன. அனைத்தும் வட பசிபிக்கின் இரு கரைகளுக்கு மட்டுமே உரியவை. வேரும் தண்டும் பூவும் விதையும் உடைய, நிலத்துத் தாவரங்களின் வழிவந்த செடி அது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நூலிழை போன்ற மகரந்தத்தை நீரே சுமந்து சேர்க்கிறது.

என்னை நெடுநேரம் அங்கேயே நிற்கவைத்தது அதன் விதைதான். அலை ஓயாமல் மோதும் வெறும் பாறையில் ஒரு விதை எவ்வாறு தங்கும்? கனியின் மேற்தோல் தேய்ந்து நீங்கியதும், விறைத்த மயிர்கள் கொண்ட இரண்டு கொம்புகள் வெளிப்பட்டு, பாறையில் ஏற்கெனவே வளர்ந்திருக்கும் கிளைத்த செம்பாசிகளில் கொளுவிக்கொள்கின்றன. அந்தப் பிடிப்பில் முளைத்த பிறகே வேர்கள் பாறையைப் பற்றுகின்றன. நாம் பாசி என்று தவறாக அழைக்கும் குலத்தின் உறவொன்று, உண்மையான பாசியின் மடியில் பிறக்கிறது! இத்தனை உறுதியாகப் பற்றும் அப்புல்லும், அடியோடு அகற்றப்பட்ட இடத்தில் மீண்டும் படரப் பல ஆண்டுகள் எடுக்கிறது.

பாசிக்குடாவில் நான் சென்றபோது, கரையைச் சுத்தம் செய்வோர் ஒதுங்கிய புல்லைக் குப்பையாக வாரிக் குவித்துக்கொண்டிருந்தனர். எனக்கு மனம் பொறுக்கவில்லை. நம் கடல் ஒரு மீற்றர்கூட வற்றுவதில்லையாதலால், புல்லை உயிரோடு காண இடுப்பளவு நீரில் இறங்கவேண்டியிருந்தது. இங்கே அதற்குப் பாறை தேவையில்லை; மணலுக்குள் கிடையாக ஓடும் தண்டுகள் ஒன்றோடொன்று பின்னி, அந்த மணலையே அசையாமல் பிடித்துவைக்கின்றன. இலைகளுக்கிடையே விரல்நுனி அளவு மீன்குஞ்சுகள் நுழைந்து மறைந்தன.

தோணியருகே வலையை உதறிக்கொண்டிருந்த முதியவரிடம், வலையில் சிக்கியிருந்த நாடாவைக் காட்டி, இது பூக்கின்ற செடி என்றேன்.

"பூக்குமா? இது இல்லாட்டி இறாலும் இல்ல, மீனும் இல்ல மனே. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்," என்றவர், அதன் வேரை நகத்தால் பிரித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, குடாவின் மறுபக்கத்தில் அது இன்னும் அடர்த்தியாகக் கிடக்கிறது என்றும், கச்சான் காற்று பலக்குமுன் வந்தால் தோணியில் கொண்டுபோய்க் காட்டுவதாகவும் சொன்னார். மறுநாள் ஐந்து மணிக்கெல்லாம் நான் அவருடைய தோணியருகே நின்றேன்.