ஓய்வு நாளை முதலில் எழுதுங்கள்: எம்.பி.பி.எஸ். டைம்டேபிள் பற்றி சில அனுபவக் குறிப்புகள்

குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளமோ குலசேகரமோ, எந்த மருத்துவக் கல்லூரி ஹாஸ்டலுக்குப் போனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே மாதிரிதான் இருக்கும். மேசையில் அனாட்டமி புத்தகம் விரிந்து கிடக்கும், கையில் போன் இருக்கும். படிப்பும் நடக்காது, ஓய்வும் கிடைக்காது. சாயங்காலம் ஆறு மணிக்கு ‘இன்னைக்கும் ஒண்ணும் உருப்படியா படிக்கல’ என்று எரிச்சல் வரும். திங்கட்கிழமை லெக்சர் ஹாலில் உட்காரும்போது சனிக்கிழமை இருந்த அதே களைப்பு. நாங்கள் பார்த்தவரை முதலாமாண்டுப் பிள்ளைகளை உடைப்பது படிப்பின் சுமையைவிட இந்த அரைகுறை ஓய்வுதான்.

அதனால் டைம்டேபிள் போடும்போது முதலில் ஓய்வைக் குறித்துக்கொண்டு, மிச்சத்தில் படிப்பை நிரப்ப வேண்டும். சோம்பேறிக்குச் சொல்லும் யோசனை மாதிரித் தெரிந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் நாளுக்கு ஏழரை மணி என்றால் 52.5. குளிப்பு, சாப்பாடு, துணி துவைப்பு எல்லாம் நாளுக்கு இரண்டரை மணி வைத்தால் 17.5. கல்லூரி, சனிக்கிழமை அரை நாளையும் சேர்த்து, சுமார் 39. மொத்தம் 109. மிச்சம் 59 மணி நேரம். இதில் உருப்படியாக 20 மணி நேரம் படித்தாலே சாதாரண வாரத்துக்குப் போதும். பரீட்சை நெருங்கினால் 30. அப்படியும் 29 மணி நேரம் கையில் நிற்கிறது. மார்த்தாண்டத்திலிருந்தோ கன்னியாகுமரியிலிருந்தோ வந்து போகிற டே ஸ்காலர் என்றால் பஸ்ஸுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஓய்வுக்கு அப்போதும் இடம் உண்டு.

ஓய்வு நாள் ஞாயிறு காலையில் தொடங்கக் கூடாது, சனி சாயங்காலமே தொடங்க வேண்டும். சனி மாலை 5 மணியிலிருந்து ஞாயிறு மாலை 4 மணி வரை புத்தகம், வீடியோ, கேள்வி வங்கி எதையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டால் ஒரு முழு இரவும் ஒரு முழுப் பகலும் தொடர்ச்சியாகக் கிடைக்கும். ஞாயிறு காலையில் தொடங்கினால் சனி இரவு இரண்டு மணி வரை ‘நாளைக்குத்தான் லீவே’ என்று முழித்திருந்து, பத்தரைக்கு எழுந்து, ஓய்வின் பாதி தலைவலியில் போய்விடும்.

ஞாயிறு நான்கு மணிக்குமேல் மூளை உழைக்காத வேலைகளை மட்டும் வையுங்கள். ஹிஸ்டாலஜி ரெக்கார்டு, அதாவது திசுக்களை வரைந்து வைக்கும் நோட்டு, இதற்கென்றே பிறந்தது. ஊதா பென்சிலில் நியூக்ளியஸ், இளஞ்சிவப்பில் சைட்டோபிளாசம் என்று இரண்டு மணி நேரம் வரைந்தால் ரெக்கார்டும் முடியும், திங்கட்கிழமைக்கு மனசும் தயாராகும். ஓய்வு முடிந்த கையோடு பயோகெமிஸ்ட்ரியின் வளர்சிதை மாற்றப் பாதைகளில் போய் விழுந்தால் அடுத்த வாரம் ஓய்வெடுக்கவே பயம் வந்துவிடும்.

இந்த ஏற்பாடு இரண்டாம், மூன்றாம் வாரத்தில் உடையும். காரணம் பெரும்பாலும் பாக்கி போர்ஷன். செவ்வாய்க்கிழமை படிக்க வேண்டியது விடுபட்டிருக்கும், ‘ஞாயிறு பாத்துக்கலாம்’ என்று தள்ளுவோம். நான்கு பாக்கி சேர்ந்தால் ஞாயிறு காலி. பாக்கிக்குத் தனியாக இடம் ஒதுக்குவதுதான் வழி: புதன் மாலை ஒன்றரை மணி நேரம், சனி மத்தியானம் 2 முதல் 5 வரை. இந்த இரண்டு இடத்திலும் புதுப் பாடம் எதுவும் எழுதக் கூடாது. சனி 5 மணிக்கும் முடியாத பாக்கி அடுத்த புதனுக்குப் போகட்டும், ஞாயிறுக்குப் போகக் கூடாது. மூன்று வாரம் தொடர்ந்து பாக்கி மிஞ்சினால் தினசரி போட்ட அளவு அதிகம் என்று அர்த்தம். ஓய்வில் கை வைக்காமல் அந்த அளவைக் கால் பங்கு குறையுங்கள்.

ஆன்கி (கேள்வி-பதில் கார்டுகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆப்) பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். தினம் 20 புதுக் கார்டு போட்டால் சில வாரங்களில் தினசரி ரிவியூ 150, 200 வரை ஏறும். ஒரு நாள் விட்டால் மறுநாள் அது இரட்டிப்பாக நிற்கும், அதைப் பார்த்தே பலர் ஆப்பை அழித்துவிடுகிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்தே புதுக் கார்டைப் பூஜ்யமாக்கிவிடுங்கள். வெள்ளியன்று பார்த்த புதுக் கார்டுதான் ஞாயிறு வந்து கதவைத் தட்டும். புதிய பதிப்புகளில் டெக் ஆப்ஷன்ஸுக்குள் ‘ஈஸி டேஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் ஞாயிறைக் குறைத்து வைத்தால் ரிவியூக்களை அதுவே மற்ற நாள்களுக்குப் பிரித்துப் போடும்.

ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்குப் போவதையே ஓய்வு என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: நம் ஊரில் வீடு என்றால் கல்யாணம், பாலுகாய்ச்சு (புதுமனை புகுவிழா), கோயில் கொடை, சர்ச் திருவிழா. போன இடமெல்லாம் ‘மக்ளே, இந்த சுகர் ரிப்போர்ட்ட ஒண்ணு பாத்துச் சொல்லு’ என்று நீட்டுவார்கள். ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாருக்கும் கவலையில்லை. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அது ஓய்வாகாது. மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போங்கள், போகிற வாரம் வெள்ளி மாலையிலும் இரண்டு மணி நேரம் சும்மா இருக்க ஒதுக்கிவிடுங்கள்.

மாவட்டத்துக்கான உள்ளூர் விடுமுறைகளை வருடத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிடுவது நல்லது. 1956இல் குமரி தமிழகத்தோடு இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் திருவிழா முடிகிற டிசம்பர் 3, ஓணம், சிவராத்திரி இவையெல்லாம் வழக்கமாக வருபவை. இதில் ஒரு கொக்கி உண்டு. அறிவிப்பின் கடைசி வரியில் ஈடு செய்ய ஒரு சனிக்கிழமை வேலை நாளாகப் போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் அந்த வாரத்துப் பாக்கி நேரம் பறிபோகும், பாக்கி ஞாயிறில் ஏறும். அறிவிப்பு உங்கள் கல்லூரிக்குப் பொருந்துமா என்று சர்க்குலரையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்காக வகுப்பைக் கட் அடிப்பது மட்டும் வேண்டாம். தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் வருகை இல்லாவிட்டால் பரீட்சையே எழுத முடியாது. அந்தப் பயத்தோடு எடுக்கிற ஓய்வு எதற்கும் உதவாது.

ஓய்வு நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் போதும். நான்கு மணி நேரம் கூடத் தூங்கினால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கட்கிழமை கெட்டுப்போகும். காலை வெயிலில் அரை மணி நேரமாவது நடக்க வேண்டும். டிசெக்‌ஷன் ஹாலும் லைப்ரரியுமாக வாரம் முழுவதும் டியூப்லைட் வெளிச்சத்தில் கிடக்கிற உடம்புக்கு அது தேவை. கட்டன் சாயாவுக்கு மாலை நாலரையோடு கும்பிடு போட்டுவிடுங்கள். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பதினொன்றுக்கும் உள்ளே இருக்கும்.

வெளியே போவதென்றால் இந்த மாவட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மழைக்காலம் என்பதை மறக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. திற்பரப்பு அருவியில் தண்ணீர் அதிகமானால் குளிக்க விட மாட்டார்கள். பத்மநாபபுரம் அரண்மனையோ நண்பர் வீட்டில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியுமோ, கூரைக்குக் கீழே ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். அரண்மனைக்குத் திங்கள்தான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும்.

கடலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் கள்ளக்கடல் அலையில் சிக்கி ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். கள்ளக்கடல் எங்கோ தொலைவில் கிளம்பி வருவது. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது, அலை மட்டும் திடீரென்று ஏறும். கடல் சீற்ற எச்சரிக்கை வந்த நாளில் சங்குதுறை, சொத்தவிளை, முட்டம் எங்கேயும் கால் நனைக்கக்கூட இறங்காதீர்கள். எச்சரிக்கை இல்லாத நாளிலும் பக்கத்து மீனவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

முதலாமாண்டில் அனாட்டமி பார்ட் கம்ப்ளீஷன் (உடலின் ஒரு பகுதியைப் படித்து முடித்ததும் வைக்கும் பரீட்சை) வாரங்களில் முழு ஓய்வு முடியாமல் போகலாம். அப்போது ஞாயிறு மத்தியானம் ஒரு மணி வரையாவது விட்டுவைத்து, பரீட்சை முடிந்த அன்று மாலையை ஈடாக எடுங்கள். டிசெக்‌ஷன் முடிந்து ஃபார்மலின் எரிச்சலோடு நேராகப் புத்தகத்துக்குப் போவதில் பயனில்லை. குளித்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் கழித்து உட்காருங்கள். கிளினிக்கல் போஸ்டிங் (வார்டில் நோயாளிகளைப் பார்த்துப் படிப்பது) தொடங்கியபின் பகலில் நின்றே கால் ஓய்ந்துவிடும். அன்று பார்த்த இரண்டு கேஸைப் பற்றி மட்டும் இரவில் படித்தால் போதும், புதிய பாடம் வேண்டாம். ஃபைனல் இயரில் பி.ஜி. நுழைவுத்தேர்வு வீடியோவும் கல்லூரிப் பாடமும் ஒரே நேரத்தில் ஓடும்போது, வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து ஓய்வு நேரத்துக்குள் திணிக்கிற பழக்கம் வரும். ஐந்தாறு பரீட்சை முடித்தவர்களுக்கே இதில் கட்டுப்பாடு போய்விடுகிறது.

சி.ஆர்.ஆர்.ஐ. ஆண்டு, அதாவது படிப்பு முடிந்து மருத்துவமனையில் செய்யும் கட்டாயப் பயிற்சி ஆண்டு, வேறு கதை. அங்கே டைம்டேபிளை டூட்டி லிஸ்ட் எழுதும், ஓய்வு டூட்டி முடிந்த பகலில்தான். 24 மணி நேர டூட்டிக்குப் பிறகு பைக்கில் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். டூட்டி ரூமிலேயே ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்து, பஸ்ஸில் போங்கள். வீட்டிலும் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தூங்க வேண்டாம், இல்லாவிட்டால் அன்றிரவுத் தூக்கம் போய், அடுத்த டூட்டிக்கு இரட்டைத் தூக்கக் கடனோடு போவீர்கள். டூட்டி மாற்றிக்கொள்ளும்போது தொடர்ச்சியாக இரண்டு இரவு விழாமல் பாருங்கள். லீவுக்காக நண்பரின் டூட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, கிடைத்த லீவு முழுவதையும் கட்டிலில் கழிப்பவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு செய்தும் சிலருக்குத் தீராது. ஓய்வு நாள் முடிந்தும் களைப்பு போகாமல், படிப்பின்மேலும் நோயாளிகள்மேலும் வெறுப்பு வந்து, எதைச் செய்தும் பயனில்லை என்று தோன்றினால் அது பர்ன் அவுட். உலக சுகாதார நிறுவனம் 2019இல் இந்த மூன்றையும்தான் அதன் அடையாளமாக வகைப்படுத்தியது. அதற்கு டைம்டேபிளைத் தளர்த்த வேண்டும், மென்டரிடம் பேச வேண்டும். ஆனால் சோகமோ ஆர்வமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கமும் பசியும் மாறினால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும்கூட, டைம்டேபிளை மாற்றிச் சரிசெய்ய முயலாமல் அன்றே சைக்கியாட்ரி டாக்டரைப் பாருங்கள். சொந்தக் கல்லூரி ஓ.பி.யில் புரொஃபசர் பார்த்துவிடுவாரோ என்று கூச்சமாக இருந்தால் வேறு மருத்துவமனைக்குப் போகலாம். மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் உதவி எண் 104, இரண்டிலும் இரவிலும் தமிழில் பேசலாம். ரூம்மேட் ஒருவர் இப்படிச் சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காமல், அவரைத் தனியே விடாமல், வார்டனை எழுப்பி, கூடவே கேஷுவால்டிக்குப் போங்கள்.