மிக்ஸர் முன்னால் நின்று கேட்டது

மேடை ஒலியமைப்பு என் தொழில். ஸ்பெயினின் ஃபிளமெங்கோவும் ஈரானின் பாரசீக இசையும் ஒரே மேடையில் சேரும் கச்சேரி என்றால் சவுண்ட் செக்குக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டு வாங்கிவிடுவேன்.

முதல் காரணம் சேதார் என்ற பாரசீகத் தந்தி வாத்தியம். நான்கு தந்தி, மெல்லிய மரக்குடம், ஆள்காட்டி விரல் நகத்தால் மீட்டுவது. பெரிய அரங்குக்காகப் பிறந்த வாத்தியமே அல்ல. அதற்குப் பக்கத்தில் ஃபிளமெங்கோ ஆடுபவரின் ஆணியடித்த காலணி மரப்பலகைமேல் இறங்கும். கூடவே கைதட்டல். சேதாருக்கு வைத்த மைக்கில் சேதாரைவிடக் கைதட்டல்தான் அதிகம் விழும். ஒலியை ஏற்றினால் ஃபீட்பேக், ஸ்பீக்கர் ஊளையிடும். மிக்ஸரில் இதற்கு மருந்து கிடையாது. கைதட்டுபவர்களை மேடையின் மறுகோடிக்கு நகர்த்தி, உள்ளங்கையைக் குவித்து மந்தமாகத் தட்டச் சொல்வேன். அவர்கள் மரபிலேயே உள்ளதுதான், 'பால்மாஸ் சோர்தாஸ்' என்பார்கள். சொன்னதும் புரிந்துவிடும்.

அப்புறம் சுருதி. பாரசீக இசையில் 'கொரோன்' என்று ஒன்று உண்டு, ஸ்வரத்தை ஏறத்தாழ கால் ஸ்வரம் இறக்குவது. சேதாரின் மெட்டுகள் (ஃபிரெட்) தண்டில் சுற்றிக் கட்டியவை, நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் அவை உலோகம், அசையாது. மாஹூர், ஷூர் இரண்டும் நம் ராகம்போன்ற பாரசீக ஸ்வர அமைப்புகள். மாஹூரில் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஷூரில் அந்தக் கொரோன் ஸ்வரத்தின்மேல் கிட்டார் கார்டு விழுந்தால் உடனே உரசும். நல்ல கிட்டார்காரர் அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப்போவார். சிரமம் இருந்தாலும் எனக்கு ஷூர்தான் பிடிக்கும்.

9ஆம் நூற்றாண்டில் சிர்யாப் என்ற இசைக்கலைஞர் பாக்தாதிலிருந்து ஸ்பெயினின் கோர்தோபாவுக்குப் போன கதையை இந்தக் கச்சேரிகளின் முன்னுரையில் அடிக்கடி சொல்வார்கள். அவருக்கும் இன்று நாம் கேட்கும் ஃபிளமெங்கோவுக்கும் இடையே கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு இடைவெளி. அதை இந்த இரண்டு இசைக்கும் உள்ள உறவுக்குச் சாட்சியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. 12 தட்டுத் தாளத்தில் வரும் ஃபிளமெங்கோவின் புலேரியாவையும் 6/8 தாளத்தில் வரும் பாரசீக நடன இசையான ரெங்கையும் ஒட்டிவிட்டாலே கலப்பு முடிந்தது என்பதும் அப்படித்தான். அரங்கம் ஆர்ப்பரிக்கும், சரி. இரண்டுமே கொஞ்சம் மெலிந்துபோகின்றன.

இரண்டும் உண்மையில் சேர்வது தாளம் நின்ற பிறகு. பாரசீக ஆவாஸ் நம் ஆலாபனைபோலத் தாளக்கட்டு இல்லாமல் விரிவது, ஆனால் கவிதை வரிகளோடு. அதில் 'தஹ்ரீர்' வரும்போது குரல் உடைந்து உடைந்து மேலேறும். ஃபிளமெங்கோவின் மார்தினேத்தே என்ற பாட்டு வகையிலும் கிட்டார் இல்லை, கொல்லுப்பட்டறைப் பாட்டு என்று பெயர்பெற்றது, தொண்டை கிழியப் பாடுவார்கள். ஈரானியப் பாடகர் மொஹம்மத் மொதமெதியும் ஃபிளமெங்கோ பாடகி ரோசாரியோ லா த்ரெமெந்தித்தாவும் சேர்ந்து பாடியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது குரலும் குரலும் சந்திக்கும் இந்த இடம்தான். ஒருவர் முடித்த ஸ்வரத்திலேயே மற்றவர் எடுக்கும்போது எந்த நாட்டு இசை என்ற கேள்வியே எழுவதில்லை.

அந்தப் பகுதி வந்ததும் எதிரொலியை நன்றாகக் குறைத்துவிடுவேன். தஹ்ரீரின் ஒவ்வொரு உடைவும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பாடகர்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்வேன், மானிட்டர் (பாடகருக்கான மேடை ஸ்பீக்கர்) இல்லாமலே ஒருவர் மூச்செடுப்பது மற்றவருக்குக் கேட்கும். பார்வைக்கு அழகு என்று இருவரையும் இரண்டு ஓரத்தில் நிறுத்தப் பார்ப்பார்கள் ஏற்பாட்டாளர்கள். அதற்கு மட்டும் நான் சம்மதிப்பதில்லை.