சின் செத்த பிறகு என்ன: ஒரு ஆர்பிஜி நாட்குறிப்பு

மே 2

ஃபைனல் ஃபேன்டசி 10 வீடியோ கேமை மறுபடியும் முடித்தாயிற்று. ஊர் ஊராக அழிக்கும் சின் என்ற ராட்சத அரக்கனை ஒழிக்கிற கதை. கடைசியில் நாயகி யூனா ஓடிவந்து, மறைந்துகொண்டிருக்கும் காதலன் டீடஸைக் கட்டிப்பிடிக்கப் பார்க்கிறாள், அவன் உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் தரையில் விழுகிறாள், அப்புறம் லூக்கா அரங்கில் கூட்டத்துக்கு முன்னால் நின்று பேசுகிறாள். எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடம் என்னை ஒரு வழி பண்ணிவிடுகிறது. 2001-ல் இந்தக் கதையை இதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. யூனா இரண்டு வருஷம் கழித்து எப்படி இருக்கிறாள் என்று ஒரு சின்னப் படத்தை இன்டர்நேஷனல் பதிப்போடு சேர்த்துக் கொடுத்தார்கள், ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், 2003-ல் 10-2 வந்துவிட்டது. அந்தத் தொடரில் ஒரு விளையாட்டுக்கு நேரடித் தொடர்ச்சியாக இன்னொரு விளையாட்டு வந்தது அதுதான் முதல் முறை.

இந்த மாதம் அதை விளையாடப் போகிறேன். கூடவே பழைய கேள்வி ஒன்றையும் எழுதிப் பார்க்கலாம்: நாம் உயிராக நேசிக்கும் ஒரு ஆர்பிஜிக்கு, அதாவது ஒரு பாத்திரமாக மாறி அதை வளர்த்துக்கொண்டே ஆடும் விளையாட்டுக்கு, இரண்டாம் பாகம் தேவையா? (எல்லா முடிவுகளையும் போட்டு உடைக்கப் போகிறேன். ஸ்பாய்லர் வேண்டாதவர்கள் இங்கேயே கிளம்பலாம்.)

மே 4

ஆரம்பமே ஒரு பாட்டுக் கச்சேரி. மேடையில் யூனா ஆடுகிறாள், அப்புறம் பார்த்தால் அது யூனாவே இல்லை, அவள் வேஷத்தில் லெப்ளாங்க் என்ற எதிரி. முதல் பாகத்தின் துக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் இந்த இடத்தில் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. எனக்கும் சுளித்தது.

ஆனால் உடனே ஒன்றைக் கவனித்தேன். யூனா கையில் துப்பாக்கி. முதல் பாகத்தில் அவள் ஏயான்கள் என்ற மாய உயிர்களை அழைக்கிறவள், அதுதான் அவள் பலம், அதற்காகத்தான் கோயில் கோயிலாக நடந்தாள். சின்னை ஒழித்ததும், ஏயான்களுக்கு மூலமான ஃபேத் என்ற ஆன்மாக்கள் உறங்கப் போய்விட்டன, ஏயான்களும் போயின. ஆக, அவளிடம் முன்பிருந்த சக்தி இல்லை, லெவல் ஒன்றிலிருந்து தொடங்குகிறாள், அதற்குக் காரணம் அவள் ஜெயித்ததுதான்! இரண்டாம் பாகம் எழுதுகிற எல்லோரையும் கழுத்தைப் பிடிக்கும் பிரச்சினையை இது கதையாலேயே தீர்த்துவிட்டது.

மே 5

அந்தப் பிரச்சினையைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நாவலிலோ படத்திலோ நாயகன் முதல் பாகத்தின் முடிவில் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் இரண்டாம் பாகத்தில் அப்படியே வரலாம். ஆர்பிஜியில் முடியாது, ஏனென்றால் பலவீனமாகத் தொடங்கி வளர்வதுதான் விளையாட்டே. கடவுளையே வெட்டிப்போட்டவன் மறுபடி எலி அடிக்க வேண்டும், அதை எப்படி நம்பவைப்பது?

மாஸ் எஃபெக்ட் 2 முதல் சில நிமிடங்களிலேயே ஷெப்பர்டைக் கொன்று, அப்புறம் மறுபடி ஒட்டவைத்து எழுப்புகிறது. கிங்டம் கம் டெலிவரன்ஸ் 2-ல் ஹென்றியை அடித்து உருட்டி, கவசம் கத்தி எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். இரண்டுமே நல்ல விளையாட்டுகள், ஆனால் அந்த இடம் மட்டும் தந்திரம் என்று பட்டென்று தெரிந்துவிடுகிறது. பால்டர்ஸ் கேட் 2 கொஞ்சம் நேர்மையானது. முதல் பாகத்தில் அனுபவப் புள்ளிக்கு 89,000 என்று ஒரு உச்சவரம்பு வைத்திருந்தார்கள், இரண்டாம் பாகத்தில் புதிதாகத் தொடங்குகிறவனும் அந்த 89,000-லிருந்துதான் தொடங்குகிறான். பொருட்கள் போகும், லெவல் போகாது. அது பின்பற்றும் டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) விதிகளில் மேலே ஏற இன்னும் நிறைய இடம் இருந்ததால் அது முடிந்தது.

எனக்கு எப்போதும் பிடித்த தீர்வு 1999-ல் வந்த போகிமான் கோல்ட், சில்வரில் இருக்கிறது. ஜோட்டோ என்ற பகுதியை முடித்துவிட்டு முதல் விளையாட்டு நடந்த கான்டோவுக்குப் போகிறோம், அங்கேயும் எட்டு பேட்ஜ் வாங்குகிறோம், எல்லாம் முடிந்து சில்வர் மலைக்குப் போனால் அங்கே ரெட் நிற்கிறான். வாயே திறப்பதில்லை. அவன் பிகாச்சு லெவல் 81. ரெட் யார்? முதல் பாகத்தில் நாம் ஆடிய பையன், அதாவது நாம்தான். நம்முடைய பழைய பலத்தைப் பறிக்காமல் அப்படியே கொண்டுவந்து கடைசி எதிரியாக நிறுத்திவிட்டார்கள்.

மே 9

10-2-ல் மூன்றாவது அத்தியாயத்தில் இருக்கிறேன். இது எவ்வளவு புத்திசாலித்தனமான விளையாட்டு என்பதை அதன் உடையலங்காரமும் இளிப்பும் மறைத்துவிடுகின்றன என்று தோன்றுகிறது.

முதல் பாகம் முழுக்க ஒரே பாதை. பெசாயிடிலிருந்து ஜனார்கண்ட் வரை நேராக நடக்க வேண்டும், வேறு வழியில்லை, யாத்திரை என்றால் அப்படித்தான். இதிலோ முதல் அத்தியாயத்திலேயே கையில் ஒரு வான்கப்பலைக் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் போ என்கிறார்கள். யாத்திரை முடிந்துவிட்டது, போகவேண்டிய இடம் என்று ஒன்று இல்லை, ஸ்பைரா என்கிற அந்த உலகத்தில் எல்லோருக்கும் இப்போது அதேதான் நிலைமை.

பெரும்பாலும் பழைய வரைபடங்களையேதான் மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள், செலவு மிச்சம், அதை மறுக்கவே முடியாது. டிராகன் ஏஜ் 2 இதையே செய்து வாங்கிக்கட்டிக்கொண்டது. முதல் பாகம் 2009 நவம்பரில், அது 2011 மார்ச்சில், அந்த அவசரத்தில் ஒரே குகையை வேறு வேறு கதவுகளை மூடிவைத்து வேறு வேறு குகை என்று காட்டினார்கள். இங்கே அப்படி இல்லை, ஏனென்றால் பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் கதை.

என்னவெல்லாம் மாறியிருக்கிறது! அழைப்பாளர்கள் சின்னோடு மோதி உயிரைவிட்ட காம் லேண்ட்ஸ் இப்போது இரண்டு நிறுவனங்கள் போட்டிபோட்டு நடத்தும் கேளிக்கைப் பூங்கா. ஃபேத் போனதால் மெக்கலானியா காடு அழிந்துகொண்டிருக்கிறது, அதாவது நாம் ஜெயித்ததால் அந்தக் காடு சாகிறது. டீடஸும் யூனாவும் முத்தமிட்ட அதே காடு. க்வாடோ இனத்தின் தலைவனாக இருந்த சீமோர் செய்த படுகொலைக்காக க்வாடோக்களைப் பழிவாங்கியே தீருவோம் என்று ரான்சோ இன இளைஞர்கள் குதிக்கிறார்கள், அவர்களை அடக்கமுடியாமல் யூனாவின் பழைய காவலன் கிமாரி திணறுகிறான். யாத்திரையில் கூட வந்த வாக்காவும் லூலுவும் கல்யாணம் பண்ணிக்கொண்டு குழந்தைக்காகக் காத்திருக்கிறார்கள், வாக்காவுக்கு அப்பாவாக வேண்டும் என்றாலே உதறல். யெவோன் மதத்தை நம்பி வாழ்ந்தவர்கள் ஒரு கட்சி, இனி யெவோனே வேண்டாம் என்கிற இளைஞர்கள் இன்னொரு கட்சி, இயந்திரங்களைத் தோண்டி எடுப்பவர்கள் மூன்றாவது. சின் இருந்தவரை சண்டைபோட நேரமில்லாதவர்கள் இப்போது ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட ஜனார்கண்ட். முதல் பாகத்தின் முதல் காட்சியில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த இடிபாடு, யாத்திரையின் கடைசி ஊர். இப்போது சுற்றுலாத் தலம். நம்மைப் போலவே யாத்திரை கிளம்பிய இசாரு அங்கே வழிகாட்டி வேலை பார்க்கிறான். யூனாவுக்குக் கோபம் வருகிறது, எனக்கும் வந்தது, அப்புறம் இசாரு பக்கமும் நியாயம் இருப்பதாகப் பட்டது. சாவதற்காகவே பயிற்சி எடுத்தவன், சாகவேண்டியதில்லை என்றதும் அவனுக்கு வேறு என்ன வேலை தெரியும்? சரி, அந்தக் கூட்டத்தை விரட்ட நாம் செய்வது குரங்குகளுக்கு ஜோடி பார்த்து அந்த இடத்தைக் குரங்குக் காடாக்குவது. இந்த விளையாட்டை முழு மனதோடு மெச்சவும் விடமாட்டார்கள்.

மே 11

குரோனோ கிராஸ் ரசிகரான ஒரு நண்பருக்கு மேலே இருப்பதை அனுப்பினேன். "அப்போ கிராஸும் அதைத்தானே செய்கிறது, ஜெயித்ததற்கு விலை உண்டு என்கிறது?" என்று கேட்டார்.

1999-ல் வந்த கிராஸ் அழகான விளையாட்டு, மிட்சுதாவின் இசைக்காகவே இன்னொரு முறை ஆடலாம், நாற்பதுக்கும் மேல் ஆட்கள் நம் அணியில் சேருகிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய விளையாட்டான 1995-ன் குரோனோ டிரிக்கருக்கு அது செய்தது வேறு. குரோனோவும் மார்லும் ஜெயித்துக் காப்பாற்றிய கார்டியா ராஜ்யம் அந்தக் கதையின் கணக்கில் 1005-ல் போரே என்ற நாட்டிடம் வீழ்ந்துவிட்டது, அதை நாம் பார்ப்பதுகூட இல்லை, பேச்சுவாக்கில் தெரிந்துகொள்கிறோம். அவர்களுடைய தோழி லூக்காவின் வீடு எரிகிறது, லூக்கா போய்விடுகிறாள். இதெல்லாம் கிராஸின் நாயகன் செர்ஜுக்கு என்ன? அவனுக்கு அந்த ராஜ்யத்தையே தெரியாது. துக்கப்படவேண்டிய ஆள் திரையில் இல்லாதபோது அந்தத் துக்கம் முழுக்க ஆடுகிறவன் தலையில் விழுகிறது. யூனா தன் காடு சாவதைத் தானே நின்று பார்க்கிறாள். வித்தியாசம் அங்கேதான் என்று பதில் எழுதினேன். நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை.

மே 16

இரண்டாம் பாகங்களின் இன்னொரு வாக்குறுதி: உன் சேவ் ஃபைலை (முதல் பாகத்தில் சேமித்த ஆட்டத்தை) கொண்டுவா, உன் முடிவுகளை மதிக்கிறோம்.

மாஸ் எஃபெக்ட் இதைத்தான் பெரிதாகச் சொன்னது. முதல் பாகத்தில் ராக்னி என்ற வேற்றுகிரக இனத்தின் ராணியைக் கொல்வதா விடுவதா என்று நான் வெகுநேரம் யோசித்த ஞாபகம். மூன்றாம் பாகத்தில் பார்த்தால், கொன்றிருந்தாலும் அந்த இடத்தில் ஒரு போலி ராணி வந்து நிற்கிறது. விண்வெளி அரசை நடத்தும் கவுன்சிலைச் சாகவிட்டால் வேறு மூன்று பேர் வருகிறார்கள், அதே அலட்சியத்தோடு. இதையெல்லாம் வைத்து மோசடி என்று முடிக்கலாம்தான். ஆனால் அதே மூன்றாம் பாகத்தில் விஞ்ஞானி மார்டின் இருக்கிறாரே. முதல் பாகத்தில் குரோகன் இனத்து வீரன் ரெக்ஸ் செத்து, இரண்டாம் பாகத்தில் அந்த இனத்தின் மலட்டுநோய்க்கான மேலனின் ஆராய்ச்சியை அழித்திருந்தால் மட்டும், குரோகன்களுக்கு மருந்து கொடுக்காமல் கொடுத்ததாக நடிக்க மார்டினைச் சம்மதிக்கவைக்கலாம், அவர் உயிரோடு தப்பிப்பார். இரண்டு விளையாட்டுகளுக்கு முன் போட்ட விதை, 2007-லிருந்து 2012 வரை. தனி விளையாட்டு ஒன்றால் இதைக் கொடுக்கவே முடியாது. இரண்டாம் பாகம் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்ல வருகிற வாயை இந்த ஒரு காட்சி அடைத்துவிடும்.

பால்டர்ஸ் கேட் 2 இதில் சண்டித்தனம். முதல் பாகத்தில் நான் யாரோடு சுற்றினேன் என்று அதற்குக் கவலையில்லை. இமோயென், ஜஹீரா, மின்ஸ்க் என்னோடு இருந்தார்கள், காலித்தும் டைனஹீரும் செத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இருந்தும் அது பெரிய விளையாட்டு, அந்த நிலவறையில் புருஷன் காலித்தின் பிணத்துக்கு முன் ஜஹீரா நிற்கும் இடம் இன்னும் வேலைசெய்கிறது. சூய்கோடன் 2 பக்கத்து நாட்டில் நடப்பதால் இந்தத் தலைவலியே இல்லை, முதல் பாக நாயகன் ஒரு கிராமத்தில் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான், பழைய டேட்டா இருந்தால் கூட வருவான், இல்லாவிட்டால் ஒன்றும் குறையவில்லை.

மே 17

10-2-ல் மெய்ச்சன் என்ற தாத்தாவின் முழுக் கதையையும் பட்டன் அழுத்தாமல் கேட்டால்தான், விளையாட்டை எவ்வளவு முடித்தோம் என்று காட்டும் சதவீதம் ஏறும். கேட்டேன்.

மே 24

முடித்துவிட்டேன்.

மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் யூனா தனியாக இருட்டில் மாட்டிக்கொள்கிறாள். அங்கே பட்டனை அழுத்தினால் ஒரு விசில் கேட்கிறது. எங்கேயாவது பிரிந்துபோனால் விசிலடி, ஓடிவருகிறேன் என்று முதல் பாகத்தில் லூக்காவில் டீடஸ் சொல்லிக்கொடுத்த விசில். அழுத்தச்சொல்லி யாரும் நம்மிடம் சொல்வதில்லை. அதைச் செய்துவைத்திருந்தால், கடைசியில் ஃபேத் வந்து அவனைப் பார்க்க வேண்டுமா என்று கேட்கும், ஆமாம் என்றால் அவன் பெசாயிட் கடற்கரையில் திரும்பி வருவான். முதல் பாகத்தின் முடிவைக் கலைப்பதா வேண்டாமா என்பதை நம் கையிலேயே விட்டது பெரிய மனசு. அதோடு நிறுத்தாமல், ஜனார்கண்டில் இருவரும் பேசும் கூடுதல் காட்சி வேண்டுமென்றால் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்று வைத்ததுதான் அபத்தம். செத்தவன் திரும்பி வந்து பேசுவதை வருகைப்பதிவேட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள்.

இந்த முறை ஃபேத்திடம் வேண்டாம் என்றேன். யூனா தன் தோழிகள் ரிக்கு, பெயினோடு கப்பலில் கிளம்புகிறாள். இதுவரை நடந்த கதைக்கு எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் இந்த விளையாட்டு அவனைத் தேடுவதில் தொடங்கினாலும் பாதி வழியில் அவள் வாழ்க்கையைப் பற்றியதாக மாறிவிடுகிறது. மற்றவர்களுக்கு அவன் வேண்டும், புரிகிறது.

2013-ன் எச்டி பதிப்பில் இதற்கும் பிறகு நடப்பதாக ஒரு ஒலி நாடகம் சேர்த்திருக்கிறார்கள். அதில் யூனாவுக்கும் டீடஸுக்கும் ஒத்துவரவில்லை, சின்னும் திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்துவிட்டதாம்! இரண்டு விளையாட்டு முழுக்க அது போனதற்கு எல்லோரும் விலை கொடுத்தார்களே, அதெல்லாம் எதற்கு? நான் கேள்விப்படாததாகவே வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து டிரெயில்ஸ் இன் தி ஸ்கை இரண்டாம் பாகம். முதல் பாகம் ஜோஷுவா நாயகி எஸ்டெலை விட்டுவிட்டுப் போவதோடு அறுந்து நிற்கிறது, ஆங்கிலத்தில் ஆடியவர்கள் 2011-லிருந்து 2015 வரை அந்த இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தார்கள். இதற்குத் தொடர்ச்சி தேவையா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.