சின்னக் கேஸுக்குள் மாடுலர் பவர் சப்ளை: இதுவரை ஆனது

அண்ணன் மகனுக்காகக் கட்டும் டெஸ்க்டாப்பில் பவர் சப்ளை வேலை முடிந்தது. ரைசன் 5 7600 புரோசஸர், ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சின்ன அளவுக் கேஸ். கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் அவன் மேசைக்கு இதைவிடப் பெரிய பெட்டி அடங்காது.

வாட் கணக்கு சுலபம். கார்டு 220, புரோசஸர் முழு வேகத்தில் 88, மற்றதெல்லாம் சேர்த்து தாராளமாக 60 என்று போட்டாலும் 370ஐத் தாண்டாது. என்விடியா இந்தக் கார்டுக்கு 650 வாட் சப்ளை வைக்கச் சொல்கிறது. லோயாட் பிளாசாவில் கடைக்காரர், "பாஸ், 850 எடுங்க" என்றார், நான் 750ஐ விட்டு நகரவில்லை. கார்டு கண நேரத்தில் திடீரென்று இழுக்கும் மின்சாரம்தான் பயம் என்றால் வாட்டைக் கூட்டுவதைவிட ஏடிஎக்ஸ் 3.1 என்ற சப்ளைத் தரத்தில் வந்ததை வாங்குவது மேல். அந்தத் தரம், சப்ளையின் வாட் அளவைப்போல் 2 மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்கச் சொல்கிறது. மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் முத்திரையில் கோல்டா பிரான்ஸா என்ற சர்ச்சையிலும் அவ்வளவு விஷயம் இல்லை, நம் ஊர் 230 வோல்ட்டில் பாதிச் சுமைக்குக் கோல்டின் திறன் 92, பிரான்ஸின் திறன் 88 சதவீதம், கேம் ஆடும்போது 20 வாட்கூட மிச்சமாகாது. கோல்டே வாங்கினேன், விலை ஒட்டி வந்ததால்.

உண்மையில் மண்டையை உடைத்தது நீளம்தான். ஹார்ட் டிஸ்க் கூண்டுக்கும் சப்ளைக்கும் நடுவே இடமே இல்லை, சப்ளை 140 மில்லிமீட்டரா 160ஆ என்பது ஒன்று, அதன் முதுகில் செருகும் பிளக்கும் விறைப்பான கேபிளும் வளைவதற்கு முன் மூன்று விரல் இடம் கேட்பது இன்னொன்று, இதை எந்தப் பெட்டியிலும் எழுத மாட்டார்கள். முழு மாடுலரில், அதாவது எல்லாக் கேபிளையும் கழற்றி மாட்டும் வகையில், மதர்போர்டுக்குப் போகும் தடித்த 24 பின் கேபிளுக்கும் பிளக் நீட்டிக்கொண்டு நிற்கும். செமி மாடுலரில் முக்கியக் கேபிள்கள் கழற்ற முடியாதபடி சப்ளையோடே இருக்கும், 24 பின் கேபிள் துளையிலிருந்து நேராக வருவதால் உடனே மடக்கலாம், எப்படியும் மதர்போர்டு கேபிளும் புரோசஸர் கேபிளும் இல்லாமல் ஓடப்போவதில்லையே. அதனால் 140 மில்லிமீட்டர் செமி மாடுலர்.

"சித்தப்பா, பழைய சப்ளையோட சாட்டா கேபிள் சும்மாதானே கிடக்கு, போட்டுக்கலாமா?" என்றான், டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் கேபிளைச் சொல்கிறான். கூடவே கூடாது. டிஸ்க் பக்கம் எல்லாம் ஒரே மாதிரி, சப்ளை பக்கம் பின் வரிசைக்குப் பொதுத் தரம் கிடையாது, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேகூட மாறும். 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வந்தால் டிஸ்க் காலி. பழையதை மாடல் பேர் எழுதிப் பையில் கட்டி வைத்தாயிற்று.

கார்டு இன்னும் வாங்கவில்லை, 7600இல் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் அதை வைத்து ஆன் செய்தோம், கம்ப்யூட்டரின் தொடக்கத் திரையான பயாஸ் வந்தது. சப்ளை ஃபேன் சுற்றவில்லை என்று பையன் பதறினான். சுமை குறைவாக இருந்தால் அது சுற்றாது, அப்படித்தான் வடிவமைப்பு. கார்டு வந்ததும் அதற்கு மின்சாரம் தரும் 16 பின் கேபிள் பக்கக் கண்ணாடியில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், செருகும் இடத்தை ஒட்டி அதை மடக்கக் கூடாது. இடித்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தகரப் பலகைதான்.