மூன்று வாரத்துக்கு முந்தைய மாத்திரை

மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் மருந்தகக் கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். உடம்பில் தடிப்பு வந்தால் முதல் பழி இறாலுக்கு. அடுத்தது கத்திரிக்காய், கருவாடு. அதற்கும் மசியாவிட்டால் 'உடம்பு சூடு', இளநீர், பார்லி தண்ணி. மாத்திரையைச் சந்தேகிக்கிறவர்கள் குறைவு. சந்தேகித்தாலும் நேற்றுப் போட்டதைத்தான் சந்தேகிப்பார்கள்.

அப்படித்தான் ஒரு ஐயா வந்தார். "ஏம்மா, பாடாங் கோத்தாவுல பசெம்போர் சாப்பிட்டேன், ஒத்துக்கல. கலமைன் லோஷன் இருந்தா குடும்மா" என்றார். மேல் பட்டனைக் கழற்றிக் காட்டினார். நெஞ்செல்லாம் செந்நிறப் புள்ளிகள், நடுவில் கருஞ்சிவப்பு, சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

"அரிக்குதாங்கய்யா?"

"அரிப்பு கம்மிதான். எரியுது. சட்டை பட்டாலே வலிக்குது."

கண் சிவந்திருந்தது, உதட்டோரம் புண். முந்தாநாளிலிருந்து காய்ச்சலாம். புது மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்றேன். இல்லவே இல்லை என்றார். பையை வாங்கிப் பார்த்தால் பிரஷர் மாத்திரைக்குப் பக்கத்தில் அலோபுரினால். "அது கௌட் மூட்டுவலிக்கு. மூணு வாரமா சாப்பிடறேனே, ஒண்ணும் செய்யலையே!"

இந்த மருந்துக்கு மூன்று வாரம்தான் கவனிக்க வேண்டிய காலம். பென்சிலின் போன்றவற்றின் உடனடி ஒவ்வாமை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தடித்துக் காட்டிவிடும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எனப்படும் கடும் எதிர்வினைக்கு அந்த அவசரம் கிடையாது. மருந்தை எதிரி என்று நோய் எதிர்ப்பு அணுக்கள் முடிவுகட்ட நாள் பிடிக்கும். பெரும்பாலும் மருந்தைத் தொடங்கிய 4 நாளிலிருந்து 4 வாரத்துக்குள், சிலருக்கு 8 வாரம் வரைகூட ஆகும். பிறகு அந்த அணுக்களே தோலைத் தாக்க, தீப்பட்டதுபோல மேல்தோல் உரியும். கண்ணும் வாயும் தப்புவதில்லை. கலமைன் பூசிக்கொண்டு வீட்டில் உட்காரும் விஷயமா இது?

அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லி, பிரஷர் மருந்தைத் தொடரச் சொல்லி, மருந்தின் பெயரையும் தொடங்கிய தேதியையும் எழுதிக் கொடுத்தேன். மகனை வரவழைத்து அவசரப் பிரிவுக்கு அனுப்பினோம். நல்லவேளை, தோல் பெரிதாக உரிவதற்குள் போய்ச் சேர்ந்தார். தேறியும் வந்தார்.

யாருக்கு இது வரும் என்பதில் பரம்பரைக்கும் பங்குண்டு. வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரும் கார்பமாசெபினுக்கு 2004-இலும், அலோபுரினாலுக்கு 2005-இலும், குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சீனர்களிடம் கண்டதுதானே என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது, நம்மவர்களிலும் அந்த வகைகள் உள்ளவர்கள் உண்டு. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அலோபுரினாலைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவதும் இந்த ஆபத்தைக் குறைக்கத்தான்.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மாத்திரை உறையில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதத் தவறுவதில்லை. 'தடிப்பு வந்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள்' என்று வாயால்கூடச் சொல்வதில்லை. சொன்னால் பயந்து மாத்திரையே போடமாட்டார்களாம். இரண்டு வரி சொன்னால் பயப்படுகிற ஆளா நம் அங்கிள்மார்? இன்னொரு பக்கம், ஆன்டிபயாட்டிக் வயிற்றைக் கலக்கியதையெல்லாம் 'அலர்ஜி' என்று பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். உண்மையிலேயே தேவைப்படும்போது நல்ல மருந்து ஒன்று கை நழுவிப்போகிறது.

அந்த ஐயாவுக்கு மருத்துவமனையில் அலர்ஜி கார்டு கொடுத்திருக்கிறார்கள். மைகார்டு எனும் அடையாள அட்டைக்குப் பின்னாலேயே செருகி வைத்திருக்கிறார். மருந்தால் இப்படி நேர்ந்தால் பாதிக்கப்பட்டவரே தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமைக்குத் தெரிவிக்கலாம். அப்போது மாத்திரையின் பெயர் கேட்பார்கள். "வெள்ளையா, வட்டமா, நடுவுல கோடு" என்பதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. ஆகவே மாத்திரை தீர்ந்தாலும் அதன் அட்டையை உடனே குப்பையில் போடவேண்டாம்.